டீக்கனாக மேடைப் பேச்சு தெரிய வேண்டுமா?

கேள்வி: எங்கள் பாப்டிஸ்ட் சபையில் டீக்கன் பொறுப்புக்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். ஞானஸ்நானம் எடுத்து இரண்டு வருடம்தான் ஆகிறது. கணக்கு வழக்கு தெரியும், பிரசங்கம் வராது. கத்தோலிக்க நண்பரோ, டீக்கன் என்றால் பாதி குரு என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: நண்பர் சொல்வது அவர் சபைக்குச் சரி. அங்கே டீக்கன் திருநிலை பெற்றவர். ஞானஸ்நானம் கொடுப்பார், திருமணம் நடத்துவார்; திருப்பலி நிறைவேற்றவோ பாவசங்கீர்த்தனம் கேட்கவோ முடியாது. உங்கள் சபையில் டீக்கன் வேலைக்குப் போய்க்கொண்டே சபைக் காரியங்களைக் கவனிக்கும் விசுவாசி.

பிரசங்கம் வராதது குறையே இல்லை. 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரத்தில் ‘போதகசமர்த்தன்’, அதாவது போதிக்கத் திறமையுள்ளவன் என்ற தகுதி கண்காணிக்குத்தான், அதாவது சபையை நடத்தும் போதகருக்குத்தான். 8-ஆம் வசனம் முதல் உதவிக்காரருக்கு, அதாவது டீக்கனுக்குக் கேட்கப்படுவது வேறு: இருநாக்கு கூடாது, மதுப்பிரியம் கூடாது, இழிவான ஆதாயத்தில் ஆசை கூடாது, வீட்டை நன்றாக நடத்தியிருக்க வேண்டும். பல வீட்டுக் கஷ்டம் அவர் காதுக்கு வரும், காணிக்கை அவர் கையில் புழங்கும். அதனால்தான் நாவும் பணமும் முதலில் வருகின்றன.

‘நூதன சீஷன்’, அதாவது விசுவாசத்துக்குப் புதியவர் ஆகாது என்பதும் கண்காணியைப் பற்றிய வசனமே. ஆனால் உதவிக்காரரை முன்னதாகச் சோதிக்க வேண்டும் என்கிறது 10-ஆம் வசனம். கை தூக்கி ஓட்டெடுத்து அடுத்த ஞாயிறே உண்டியல் சாவியைக் கொடுக்கும் சபைகள் இதை மறந்துவிடுகின்றன. பதவிப் பெயர் இல்லாமல் ஆறு மாதம் வேலை பார்க்கிறேன் என்று நீங்களே கேளுங்கள்.

காணிக்கையைத் தனியாக எண்ணவே எண்ணாதீர்கள். உறவினரல்லாத இருவர், ஆராதனை முடிந்ததும் ஆலயத்திலேயே எண்ணி, தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். மறுநாள் முழுத்தொகையும் வங்கிக்குப் போகட்டும். ‘அவசரம், இதிலிருந்தே எலெக்ட்ரீசியனுக்குக் கொடுத்துவிடலாம்’ என்று எடுத்த அன்றே கணக்கு குழம்பும். செலவுக்குத் தனி வவுச்சர் வைத்துக்கொள்ளுங்கள்.

உதவி கேட்பவர் வீட்டுக்கும் இருவராகப் போங்கள். வாடகை பாக்கி என்றால் வீட்டுக்காரரிடமும், பள்ளிக் கட்டணம் என்றால் பள்ளியிலும் நேராகக் கட்டி ரசீது வாங்குங்கள். பெயர்களை அறிவிப்பில் வாசிக்க வேண்டாம்.

பாரபட்சம்தான் பெரிய கண்ணி. அப்போஸ்தலர் 6-இல் ஏழுபேரைத் தெரிந்தெடுக்க நேர்ந்ததே, அன்றாடப் பந்தியில் கிரேக்கரின், அதாவது கிரேக்க மொழி பேசிய யூத விசுவாசிகளின் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்ற முறுமுறுப்பால்தான். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பிடமே பந்திப் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. நம் ஊரில் உதவிப் பட்டியல் ஒரே தெருவுக்கோ ஒரே சாதிக்கோ சுருங்கும்போது, அந்தப் பட்டியலில் இல்லாத தரப்பிலிருந்து ஒருவரை டீக்கன் குழுவில் சேர்க்கச் சொல்லுங்கள்.

சம்மதம் சொல்லுமுன் சபையின் சட்டதிட்டத்தை வாங்கிப் படியுங்கள். பதவிக்காலம் எத்தனை வருடம், காசோலையில் யார் யார் கையெழுத்து, போதகரின் சம்பளத்தை முடிவு செய்வது யார் என்று பாருங்கள். கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லையென்றால், அதை முதலில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். டீக்கன்மாருக்கும் போதகருக்கும் சண்டை பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.