முதலில் சோறா, சுற்றுச்சூழலா?

"ஏழ்மையை ஒழிக்க வரும் வெளிநாட்டு உதவியில் சுற்றுச்சூழலுக்கு என்ன வேலை? முதலில் சோறு போடட்டுமே" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் காரைக்குடிப் பக்கம். எங்கள் கண்மாயை (பாசனக் குளத்தை) வைத்தே சொல்கிறேன்.

செட்டிநாடு மழையை நம்பிய பூமி. வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்குத் தண்ணீர் வரும். நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கு தாண்டி அடுத்த கண்மாய்க்குப் போகும். உதவிப் பணத்தில் வரத்துக்காலை மறித்துச் சாலை போட்டால் வசதியானவர் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொள்வார். அரை ஏக்கர்க்காரரும் ஆடு மேய்ப்பவரும் என்ன செய்வார்கள்? அவர்களுக்குச் சோறு போடுவதே அந்தத் தண்ணீர்தான்.

உலக வங்கி 1989-ல்தான் தன் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டை விதியாக்கியது. அதன் கடனில் 2007-ல் தமிழகத்தில் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டம் ஏரி, கண்மாய்களைச் சீரமைத்தது. நல்ல காரியம்.

இன்னொரு பக்கமும் உண்டு. கண்மாயில் தண்ணீர் தேங்கும் உள்வாயை அடைக்கும் சீமைக்கருவேலையை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதை வெட்டி, மூட்டம் போட்டு எரித்துக் கரியாக்கி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. மரத்தை அகற்றும் செலவோடு அவர்களின் மாற்றுப் பிழைப்புக்கும் அதே திட்டத்தில் பணம் ஒதுக்க வேண்டும். சுற்றுச்சூழலை இணைப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

உங்கள் ஊருக்குத் திட்டம் வந்தால் வரைபடத்தில் வரத்துக்கால் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.