மூன்று வார விடுமுறையில் ஊரில் இருக்கும் அம்மாவை எங்கே கூட்டிப் போனால் சந்தோஷப்படுவார்?

கேட்டவர் வெளிநாட்டில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு வயது 70, ஊர் இலங்கையின் கிழக்கில் கல்முனைக்குத் தெற்கே, ஆகஸ்டில் பிள்ளைகளோடு வருகிறோம், எங்கெங்கே கூட்டிப் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்கள் பாசிக்குடா, அறுகம்பே, நுவரெலியா என்று எழுதியிருக்கிறார்கள். நான் உங்கள் அம்மாவின் இடத்தில் இருப்பவள். அதே பக்கம் தம்பிலுவில் என்ற ஊரில் இருக்கிறேன், வயது 71. அதனால் இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

முதல் பத்து நாளாவது எங்கேயும் கூட்டிப் போகாதீர்கள். வீட்டில் இருங்கள். அவர் செய்கிற வேலையை அவரிடமிருந்து வாங்காதீர்கள். அவ்வளவுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு எழுதுவது வழக்கம். நான் இருக்கும் வீடு இளைய மகளின் சீதனம். மருமகன் எங்களோடு வந்து இருக்கிறார், நல்ல மனிதர். மூத்தவள் லண்டனில். ஆக நான் தனியாகக் கிடப்பவள் இல்லை, ஒரு குறையும் இல்லை. காலை ஐந்து மணிக்கு எழும்பி முற்றம் கூட்டுவேன். ஏழு மணிக்கு மேல் மீன்காரத் தம்பி மோட்டார் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹோர்ன் அடித்து வருவார். என்னைக் கேட்காமல் இளையவள் மீன் வாங்க மாட்டாள். நான்தான் செவுளைத் தூக்கிப் பார்த்து, விலை பேசி, இது குழம்புக்கு, இது பொரிக்க என்று சொல்ல வேண்டும். பிறகு இங்கே இருக்கும் பேரனுக்குப் பிட்டும் சொதியும் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புவேன். இதில் என்ன சந்தோஷம் என்று வயது குறைந்தவர்களுக்குத் தோன்றலாம். என்னைக் கேட்டுத்தானே அந்த வீட்டில் உலை ஏறுகிறது? எனக்கு அது போதும்.

2024இல் மூத்தவள் குடும்பத்தோடு வந்தாள். பேத்திக்கு ஒன்பது வயது, பேரனுக்கு ஆறு. வந்த கையோடு ஆடி அமாவாசை, ஆகஸ்ட் 4ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. என் கணவர் இறந்ததிலிருந்து பிள்ளைகள் தகப்பனுக்காக அந்த விரதம் பிடிக்கிறார்கள். பக்கத்து ஊரான திருக்கோவிலில் சித்திரவேலாயுத சுவாமி கோயில் கடற்கரையில்தான் இருக்கிறது, அன்றைக்குத் தீர்த்தம் கடலிலேயே. விடியப் போய்த் தீர்த்தமாடி வந்து, காத்தோட்டிக்காய்ப் பொரியலோடு சமைத்துப் படைத்துச் சாப்பிட்டோம். பேத்தி ஒரு கடி கடித்துவிட்டு, “அம்மம்மா, இது ஏன் இவ்வளவு கசக்குது?” என்றாள். “உன் அம்மப்பாவுக்காகத் தின்னு மகள்” என்றேன். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

அடுத்த வாரம் மகள் அறுகம்பேயில் மூன்று நாளைக்கு ஒரு ஹோட்டல் எடுத்திருந்தாள். எனக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்றுதான் எடுத்தாள். அவளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, என்னைத் தாங்குகிற பிள்ளை அவள். ஆகஸ்டில் அங்கே அலைச் சறுக்குக்கு வரும் வெள்ளைக்காரர் கூட்டம். பிள்ளைகள் கடலில் நின்றார்கள். எனக்கு நிழலில் ஒரு சாய்மனைக் கதிரை. தேத்தண்ணி வந்தது, சாப்பாடு வந்தது, தட்டை எடுத்துக்கொண்டும் போனார்கள். இரண்டு நாளாக யாரும் என்னிடம் உப்புப் பார்க்கச் சொல்லவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். வீட்டில் மீன்காரத் தம்பி வந்திருப்பாரா, முற்றத்தில் சருகு எவ்வளவு கொட்டியிருக்கும் என்றுதான் யோசனை.

இரண்டாம் இரவு பேத்திக்கு நித்திரை வரவில்லை. ஏசி அறையின் குளிரில் என் போர்வைக்குள் வந்து கதை கேட்டாள். ராஜா ராணிக் கதை வேண்டாமாம், உண்மைக் கதை வேண்டுமாம். அவளுடைய அம்மாவைப் பெட்டகத்துக்குள் வைத்த கதையைச் சொன்னேன்.

1978 நவம்பர் 23, வியாழக்கிழமை. சூறாவளி அடித்த இரவு. மூத்தவளுக்கு அப்போது எட்டு மாதம். கூரையில் ஓடு ஒவ்வொன்றாகப் பறந்தது. வீட்டில் மரப் பெட்டகம் ஒன்று, என் தாய்க்குச் சீதனமாக வந்தது. அதிலிருந்த பாத்திரங்களை என் கணவர் வெளியே இழுத்துப் போட்டுவிட்டுப் பழைய சேலையை விரித்தார். பிள்ளையை உள்ளே கிடத்தி, மூடியை ஒரு சாண் திறந்து வைத்து, அந்த இடைவெளியில் நான் என் கையைக் கொடுத்துக்கொண்டு விடியும்வரை இருந்தேன். பிள்ளை என் சுட்டுவிரலைச் சப்பியபடியே தூங்கிப் போனாள். விடிந்து பார்த்தால் வளவில் ஒரு தென்னையும் நிற்கவில்லை.

பேத்தி எழும்பி உட்கார்ந்தாள். “அந்தப் பெட்டி இப்பவும் இருக்கா?”

“இருக்கு மகள், சாமி அறைக்குப் பக்கத்தில.”

காலையில் அவள் தாயிடம் போய், பெட்டியைப் பார்க்க வேண்டும், இப்போதே வீட்டுக்குப் போக வேண்டும் என்று நின்றுவிட்டாள். ஒரு நாள் காசு நட்டம் என்று மூத்த மருமகன் முணுமுணுத்தார். ஆனாலும் மதியத்துக்கு முன் புறப்பட்டு வந்தோம்.

வந்த உடனே பெட்டகத்தைத் திறந்தாள். உள்ளே ஒரு சாக்கு. ஒவ்வொரு வருஷமும் சித்திரை, வைகாசியில் முற்றத்து மரமுந்திரிகைப் பழம் விழ விழக் கொட்டையைத் திருகி எடுத்து, வெயிலில் காயவைத்து, லண்டன் பிள்ளைகளுக்கென்று கட்டி வைப்பேன். எலி புகாத இடம் அது ஒன்றுதான். சாக்கை வெளியே எடுத்த பிறகு அவள் உள்ளே இறங்கிப் படுத்துப் பார்த்தாள். முழங்காலை மடக்கினால்தான் இடம் போதுமாக இருந்தது. மூத்தவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இந்தக் கதை தெரியும், ஆனால் அப்படிப் பார்த்ததில்லை. பேசாமல் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று எழும்பும் முன் முற்றத்தில் மூன்று கல் வைத்தேன். ஆணியால் ஓட்டை போட்ட பழைய தகரத்தில் கொட்டையைப் பரப்பி, கீழே தென்னம்மட்டை நெருப்பு. சூடு ஏறினால் கொட்டையிலிருந்து எண்ணெய் கக்கிப் பக்கென்று தீப்பிடிக்கும், கறுப்புப் புகை கிளம்பும். நீளக் கம்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். மேல்தோல் கரியாகும் நேரம் பார்த்துத் தகரத்தைக் கவிழ்த்து மண்ணை அள்ளிப் போட்டு அணைக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் பருப்பு வேகாது, பிந்தினால் கசக்கும். அந்த நேரத்தைக் கண் சொல்லும், வேறு அளவு கிடையாது. எனக்கு அதைக் காட்டித் தந்தது என் பெத்தா. நாங்கள் பாட்டியைப் பெத்தா என்றுதான் கூப்பிட்டோம். இப்போது எல்லாரும் அம்மம்மா, இன்னும் சிலர் கிரானி. பெத்தா என்று கூப்பிட்டால் நாகரிகம் இல்லை என்று நினைக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில்தான் உயிர் இருக்கிறது.

பிள்ளைகளை நெருப்புக்குப் பக்கத்தில் விடலாமா என்று சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். அந்த எண்ணெய் பட்டால் தோல் பொத்துவிடும், எனக்குத் தெரியாததல்ல. மண்ணில் கம்பால் ஒரு கோடு கீறி, இதற்கு இந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொன்னேன். இரண்டு பேரும் அந்தக் கோட்டில் கால் விரலை வைத்துக்கொண்டு நின்றார்களே தவிரத் தாண்டவில்லை. ஆறின பிறகு கையில் சாம்பலைப் பூசிவிட்டு, கல்லால் தட்டி உடைக்கப் பழக்கினேன். முதல் கொட்டையைப் பேரன் தூளாக்கிவிட்டான். பேத்தி பத்துப் பதினைந்துக்குப் பிறகு முழுப் பருப்பாக ஒன்றை எடுத்து, தான் தின்னாமல் என் வாயில் வைத்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவள் என்னை விட்டு அசையவில்லை. மீன் வாங்கும்போது என்னோடு நின்று செவுள் பார்த்தாள். தேங்காய் துருவினாள். கல்லை எறிந்து பிடிக்கும் கொக்கான் ஆடக் கற்றுக்கொண்டாள்.

வேலை வேலை என்கிறீர்களே, முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாக்கள் என்ன செய்வது என்று கேட்கலாம். எனக்கும் முழங்கால் வலிதான், பிரஷரும் இருக்கிறது. முடியாததைச் செய்யச் சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்தில் வெங்காயம் உரிப்பதும் வேலைதான், குழம்பு எப்படி வைப்பது என்று சொல்லித் தருவதும் வேலைதான். “நீங்க சும்மா இருங்கம்மா” என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பிரஷர் என்றதும் ஞாபகம் வருகிறது, இதையும் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒரு தரம் கிளினிக்குக்குப் பஸ்ஸில் போகிறேன். தனியாக நிற்கும் வயதுபோன பெண்ணைக் கண்டால் பஸ் தள்ளிப் போய்த்தான் நிற்கும். ஓடிப்போய் ஒரு கால் வைத்ததும் எடுத்துவிடுவார்கள். போன மாதம் என் கையிலிருந்த மருந்துப் பை தெருவில் விழுந்தது, நிறுத்தவில்லை. நானும் முழு ரிக்கெற்றுக் காசுதானே கொடுக்கிறேன்? வயதானவர்கள் ஏறி இருக்கும்வரை பொறுக்க ஒரு நிமிஷம் போதும். அந்த வழியால் பஸ் ஓட்டுபவர் யாராவது இதைப் படித்தால் அந்த ஒரு நிமிஷத்தைத் தாருங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆகஸ்டில் எங்கள் பக்கம் வெயில் கடும், கச்சான் காற்று அனலாக அடிக்கும். மத்தியானம் பிள்ளைகளை வெளியே அலைக்கழிக்காமல் அம்மாவின் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுக்க விடுங்கள். சட்டித் தயிரும் சீனியும் கொடுங்கள். பின்னேரம் கடற்கரைக்கு எல்லாருமாக நடந்து போங்கள். என்றாவது வைகாசியில் வர முடிந்தால் கண்ணகி அம்மன் சடங்குக்கு வாருங்கள், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி அன்றைக்கு ஊரே கோயிலில் இருக்கும். ஹோட்டல் எடுக்கத்தான் வேண்டும் என்றால் கடைசி இரண்டு நாளில் எடுங்கள். டிக்கெட் போட்டதும் அம்மாவுக்கு ஒரு போன் கோல் எடுத்து, “எங்களுக்கு என்ன எடுத்து வச்சிருக்கிறீங்க?” என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகளும் கேட்கட்டும்.

என்னுடையவர்கள் இந்த வருஷம் வரவில்லை. டிக்கெட் விலை அப்படி. ஊருக்கு வந்து போகிற ஒருவரிடம் வறுத்துக் கொடுத்து விடுங்கள் என்று மூத்தவள் சொன்னாள். பேத்தி போனை வாங்கி, வறுக்க வேண்டாம், நான் வந்துதான் உடைப்பேன் என்றாள். சாக்குப் பெட்டகத்துக்குள் அப்படியே இருக்கிறது. போன கிழமையும் எடுத்து ஒரு நாள் வெயிலில் போட்டுத் திரும்பக் கட்டி வைத்தேன்.