திருக்கார்த்திகை: அகல், பொரி, சொக்கப்பனை – வாசகர் கேள்விகள்

புது அகல் எண்ணெயைக் குடித்துவிடுகிறது, தரையிலும் கறை. என்ன செய்வது?

சுட்ட மண்ணில் நுண்துளைகள் உண்டு. வறண்ட அகலில் ஊற்றும் எண்ணெய் முதலில் அங்கேதான் போகும். தீபத்தன்று காலையிலேயே அகல்களைத் தண்ணீரில் முங்கப் போட்டு, மாலை 4 மணி வாக்கில் எடுத்துத் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். உட்குழியில் ஈரம் நின்றால் திரி படபடவென்று வெடிக்கும். அதற்காக முதல் நாளே ஊறவைத்து வெயிலில் காயவிட்டால் ஊறிய பலன் போய்விடும். அடியில் வாழையிலைத் துண்டு வைத்தால் தரையில் கறை படியாது. திரியை நல்லெண்ணெயில் முக்கி, நுனி கால் அங்குலம் மட்டும் வெளியே தெரிய வையுங்கள்; கூடினால் புகைதான்.

சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் தீப நாள் ஏன் மாறுகிறது?

சிவாலயங்களில் கார்த்திகை மாதத்துக் கிருத்திகை நட்சத்திரம்தான் கணக்கு. பெருமாள் கோயில்களின் பாஞ்சராத்திர தீபம் (பாஞ்சராத்திரம் என்பது வைணவ ஆகமம்) ரோகிணியை ஒட்டியது. பெரும்பாலும் மறுநாள் வரும். வீட்டு வழக்கம் எதுவோ அதன்படி ஏற்றுங்கள்.

பொரி உருண்டை பிடிக்கவே வரவில்லை, உதிர்கிறது.

பாகுதான் காரணம். 5 கப் பொரிக்கு 1 கப் பொடித்த வெல்லம், கால் கப் தண்ணீர். வெல்லம் கரைந்ததும் மண் போக வடிகட்டி, மறுபடி கொதிக்க விடுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’கென்று கேட்க வேண்டும். அதற்கு முன்னே இறக்கினால் உருண்டை நமுத்து உதிரும். பதம் சரியாக இருந்தும் பிடிபடவில்லையா? பாகு ஆறியிருக்கும், வாணலியோடு லேசாகச் சூடாக்கினால் இளகும். அரிசி மாவைக் கையில் தொட்டுக்கொண்டு சூட்டோடு பிடியுங்கள். நெல் பொரியானால் உமியை முன்பே புடைத்து நீக்கிவிட வேண்டும். இந்த வேலைக்குச் சோம்பினால் தொண்டையில்தான் தெரியும்.

திருவண்ணாமலையில் பரணி தீபம் வேறு, மகா தீபம் வேறா?

ஆம். பரணி தீபம் விடியற்காலையில் சன்னிதியில். மாலை 6 மணிக்கு அர்த்தநாரீஸ்வரர் கொடிமரம் அருகே சில நிமிடங்கள் மட்டும் காட்சி தருவார். அப்போதுதான் 2,668 அடி உயர மலையுச்சியில், கொப்பரையில் மகா தீபம் ஏற்றப்படும். காடாத் துணித் திரியும் நெய்யுமாக 11 நாள் எரியும்.

சொக்கப்பனை எதற்கு?

பனைமரத்தை நட்டு, சுற்றிலும் ஓலை கட்டிக் கொளுத்துவது. அடிமுடி காணாத சோதித் தூணாக ஈசன் நின்றதை நினைவூட்டுவது என்பது சைவ விளக்கம். பெருமாள் கோயில்களிலும் உண்டு.

மூன்றாம் நாள் குப்பைமேட்டில் விளக்கு வைப்பது அபசாரமா?

இல்லை. அந்த நாளின் பெயரே குப்பைக் கார்த்திகை. மாட்டுக் கொட்டில், எருக்குழி எல்லாவற்றுக்கும் அன்று ஓர் அகல் உண்டு. காய்ந்த சருகை மட்டும் முன்பே ஒதுக்கிவிடுங்கள்.