சிறுநீரகப் பாதிப்பு உள்ள அப்பாவுக்குப் பருப்பு, காய்கறி கொடுக்கலாமா? முழுச் சைவத்துக்கு மாற்றலாமா?

கொடுக்கலாம். சிறுநீரக நோயின் மூன்றாம் நிலை, ரத்தத்தில் பொட்டாசியம் 4.6 (இயல்பான அளவுக்குள்தான்) என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பருப்பை அடியோடு நிறுத்தத் தேவையில்லை.

என் மாமனாருக்குச் சர்க்கரையால் சிறுநீரகம் பாதித்தது. விஷயம் தெரிந்ததுமே சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்றாக விலக்கச் சொன்னார்கள். கடைசியில் தட்டில் மிஞ்சியது மோர்சாதமும் ஊறுகாயும்தான். மனிதர் மெலிந்துபோனார். பருப்பைத் தள்ளிவிட்டு ஊறுகாயை விட்டுவைத்தது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு இவற்றின் உப்புதான் ரத்த அழுத்தத்தை ஏற்றிச் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

கேடிகோ (KDIGO) என்ற சர்வதேச சிறுநீரக நோய் அமைப்பின் 2024 வழிகாட்டுதலே அசைவத்தைவிடத் தாவர உணவு கூடுதலாக இருக்கட்டும் என்கிறது. டயாலிசிஸ் இல்லாதவருக்கு நாளுக்கு, எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம். அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 48 கிராம். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள். 30 கிராம் துவரம்பருப்பில் ஏறக்குறைய 7 கிராம் புரதம்தான் இருக்கிறது.

பருப்பில் பாஸ்பரஸ் இருக்கிறதே என்பார்கள். அதில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற, எளிதில் செரிக்காத வடிவில் இருப்பதால் குடல் குறைவாகவே உறிஞ்சும். கோலாவிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் சேர்க்கும் பாஸ்பேட்டோ ஏறக்குறைய முழுவதுமாக ரத்தத்தில் கலந்துவிடும். காய்கறி, பழங்கள் உடலில் சேரும் அமிலத்தையும் குறைக்கின்றன.

கவனம் வேண்டியது பொட்டாசியத்தில். டெல்மிசார்டன் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளும் அதை ஏற்றும். அளவு கூடியிருக்கும்போது "கிட்னிக்கு நல்லது, குளிர்ச்சி" என்று இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் முருங்கைக்கீரை சூப்பும் தருவது ஆபத்து. அப்போது காயைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடுங்கள். வடித்த தண்ணீரை ரசத்தில் ஊற்ற நம் கை தானாகப் போகும், ஊற்றாதீர்கள். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும், வாங்க வேண்டாம். ஸ்டார் ஃப்ரூட்டை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது விக்கல், மனக்குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும்.

முழுச் சைவம் கட்டாயமில்லை. மீனும் முட்டையும் பழகியவர் என்றால் அளவைக் குறைத்தாலே போதும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால், சாப்பாட்டை மாற்றுமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

டயாலிசிஸ் தொடங்கினால் இந்தக் கணக்கு மாறும். புரதம் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவைப்படும், பொட்டாசியக் கட்டுப்பாடும் இறுகும். அந்தக் கட்டத்தில் டயாலிசிஸ் மையத்தின் டயட்டீஷியனிடம் உட்கார்ந்து புதிதாகப் பட்டியல் போட வேண்டும்.