முடிவைச் சொல்லிக் கெட்டவர்கள்

கேள்வி: தொழில்முறை மல்யுத்தமே எழுதி வைத்து ஆடும் நாடகம். அப்படியிருக்க, தொண்ணூறுகளில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனமும் டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனமும் திங்கள் இரவுகளில் மோதிக்கொண்டதும் பேசி வைத்த நாடகம்தானே? கடைசியில் ஒன்று மற்றதை விலைக்கு வாங்கியதே சான்றல்லவா?

பதில்: கடனில் மூழ்கியவனின் நிலத்தைப் பக்கத்து வயல்காரன் வாங்கினால், இருவரும் பேசி வைத்துச் செய்த கூத்து என்பீர்களா? கோதாவுக்குள் யார் வெல்வது என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டதுதான். ஆனால் பார்ப்பவர் கையிலிருந்த ரிமோட்டுக்கு யாரும் வசனம் எழுதிக் கொடுக்கவில்லை.

டபிள்யூ.சி.டபிள்யூ. உரிமையாளர் டெட் டர்னரின் டி.என்.டி. அலைவரிசையில் 1995 செப்டம்பர் 4 அன்று தொடங்கிய அந்நிறுவனத்தின் 'நைட்ரோ' நிகழ்ச்சி, டபிள்யூ.டபிள்யூ.எஃப். உரிமையாளர் வின்ஸ் மக்மேனின் 'ரா' வரும் அதே திங்கள் இரவில் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. முந்தின நாள்வரை மக்மேனிடம் ஆடிக்கொண்டிருந்த லெக்ஸ் லூகர், முதல் நிகழ்ச்சியிலேயே எதிரணி அரங்கில் வந்து நின்றார். 'ரா' பெரும்பாலும் முன்கூட்டியே பதிவு செய்யப்படும், 'நைட்ரோ' நேரலை என்பதால், அங்கே யார் வெல்லப் போகிறார் என்பதை இங்கே போட்டுடைப்பதை 'நைட்ரோ'வை நடத்திய எரிக் பிஷாஃப் ஓர் உத்தியாகவே வைத்திருந்தார். அதுவரை நாயகனாகவே ஆடிவந்த ஹல்க் ஹோகனை 1996இல் வில்லனாக்கிய துணிச்சலும் சேர்ந்துகொள்ள, 80 வாரங்களுக்கும் மேலாக 'நைட்ரோ' பார்வையாளர் எண்ணிக்கையில் தொடர்ந்து முந்தியது.

அந்த உத்திதான் 1999 ஜனவரி 4 அன்று திருப்பியடித்தது. அன்றைய 'ரா'வில் மிக் ஃபோலி பட்டம் வெல்வார் என்று 'நைட்ரோ' வர்ணனையாளர் ஏளனமாக அறிவித்ததும், அடிபட்டு அடிபட்டே மேலே வந்த அந்த மனிதர் வெல்வதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்று பெருங்கூட்டம் அலைவரிசையை மாற்றிக்கொண்டது. இங்கேயோ, அட்லாண்டாவின் நிரம்பிய அரங்கில், ஹோகன் ஒற்றை விரலால் தொட்டதும் சாம்பியன் கெவின் நாஷ் மல்லாந்து விழுந்து பட்டத்தைத் தாரைவார்த்தார். காசு கொடுத்து வந்தவர்களை இதைவிட அவமதிக்க முடியாது.

பிறகு, ஏ.ஓ.எல்.-டைம் வார்னர் இணைப்பில் டர்னரின் பிடி தளர்ந்தது. புதிய நிர்வாகம் தன் அலைவரிசைகளில் மல்யுத்தமே வேண்டாமென்றது. ஒளிபரப்ப இடமில்லாத நிறுவனம் 2001 மார்ச்சில் மக்மேனுக்கு மலிவாகக் கிடைத்தது. கடைசி 'நைட்ரோ' ஒளிபரப்பான மார்ச் 26 அன்று, அதை வாங்கியது தந்தையல்ல, மகன் ஷேன்தான் என்றொரு காட்சி அரங்கேறியது. அது நாடகம். நீங்கள் குழம்பியது அங்கேதான் போலும்.