புஷ்பக்குக்குள் ஒரு செஸ்னா

அன்புள்ள சார்,

வணக்கம். எனக்கு வயது 27, கோவையில் ஐடி வேலை. இரண்டு வருடமாக ராத்திரி உட்கார்ந்து மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்காக எச்ஏஎல் கம்பெனி கட்டிய பழைய புஷ்பக் விமானத்தை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு மியூசியத்தில் நிற்பதை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வந்து, அதை வைத்துச் செய்தது. வெளித்தோற்றமும் காக்பிட்டும் முடிந்துவிட்டன. பறக்கும் விதத்துக்கு, சிமுலேட்டரோடு வரும் செஸ்னா 152-ன் ஃபைலை எடுத்து எடை, குதிரைத்திறன், சக்கரங்களின் இடம் மட்டும் மாற்றியிருக்கிறேன். சத்தமும் அதனுடையதுதான். நன்றாகவே பறக்கிறது. படங்களை இணைத்திருக்கிறேன்.

இதற்கு 15 டாலர் வைக்கலாமா, 25 வைக்கலாமா? இலவசமாகக் கொடுத்தால் பெயராவது கிடைக்குமா? திருட்டு காப்பியை எப்படித் தடுப்பது? வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய்யலாமா? "ஏர்பஸ், போயிங் தவிர எதுவும் விற்காது, இந்த ஓட்டை விமானத்தை எவன் வாங்குவான்" என்கிறார்கள் நண்பர்கள். உங்கள் கருத்தை அறிய ஆவல்.

ம., கோவை

அன்புள்ள ம.,

படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இறக்கையின் ரிப்களுக்கு நடுவே துணி லேசாக உள்வாங்கியிருக்குமே, அதைச் செய்திருக்கிறீர்கள், அதுவும் மேலே ஒட்டும் படத்தில் (டெக்ஸ்சர்) நிழல் தீட்டி ஒப்பேற்றாமல் உருவத்தின் வலையிலேயே (மெஷ்). உங்கள் இரண்டு வருடமும் அந்த ஒரு இடத்தில் தெரிகிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறவர்கள்கூட அங்கே வந்ததும் "போதும்" என்று விட்டுவிடுவார்கள். கதவுக் கைப்பிடியைச் சுற்றி பெயிண்ட் தேய்ந்திருப்பதும் அழகு.

இத்தனை பொறுமை உள்ள மனிதர் "நன்றாகவே பறக்கிறது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த அன்றே பதில் எழுதியிருந்தால் ரொம்ப மோசமாக எழுதியிருப்பேன். எது நன்றாகப் பறக்கிறது? செஸ்னா 152 நன்றாகப் பறக்கிறது. அதை சிமுலேட்டரை உருவாக்கிய அசோபோ ஸ்டூடியோக்காரர்கள் செய்து, உங்களுக்கு சிமுலேட்டரோடு கொடுத்தும்விட்டார்கள். அதன்மேல் புஷ்பக்கின் உருவத்தை மாட்டி அதற்கு 15 டாலரா 25 டாலரா என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

சரி, கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன்.

விலை உங்கள் இஷ்டம். இலவசமா காசா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஃப்ளைபைவயர் என்கிற ஆர்வலர் குழு ஏ320நியோ ஏர்பஸ்ஸை மூல நிரலோடு இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான், 2022 மே மாதம் ஃபீனிக்ஸ் கம்பெனி தன் ஏ320-ஐக் காசுக்கு வெளியிட்டது. ஜனங்கள் வாங்கினார்கள். அதையும் வைத்துக்கொண்டார்கள், இதையும் வைத்துக்கொண்டார்கள். திருட்டு காப்பியைத் தடுக்கப் புறப்படவே புறப்படாதீர்கள். 2018 பிப்ரவரியில் ஏர்பஸ் ஆட்-ஆன் (சிமுலேட்டரில் கூடுதலாகச் சேர்க்கும் விமானம்) விற்கிற ஒரு கம்பெனி, திருட்டு சீரியல் நம்பர் போடுகிறவனைப் பிடிப்பதாகச் சொல்லி, குரோம் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை உருவுகிற புரோகிராம் ஒன்றைத் தன் இன்ஸ்டாலருக்குள்ளேயே வைத்து அனுப்பியது. காசு கொடுத்து வாங்கியவன் இறக்கிய ஃபைலிலும் அதுதான் இருந்தது. விஷயம் வெளியே தெரிந்து ஊரே நாறியது. திருடுகிறவன் எப்படியும் உங்களிடம் வாங்கப்போவதில்லை, விடுங்கள்.

வேலையை விடாதீர்கள். இதில் தரை உங்களுடையது இல்லை. 2009 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட், ஃப்ளைட் சிமுலேட்டரைச் செய்துவந்த தன் ஏசஸ் ஸ்டூடியோவை ஒரே நாளில் இழுத்து மூடியது. அதே பெயரில் அடுத்த ஃப்ளைட் சிமுலேட்டர் வர 2020 ஆகஸ்ட் ஆகிவிட்டது. இப்போதும் ஒவ்வொரு சிம் அப்டேட்டுக்கும் காக்பிட்டில் எங்கோ ஒரு கேஜ் (அளவுகாட்டி) வேலை செய்யாமல் போகும், வாங்கினவர்கள் எல்லாரும் உங்களுக்குத்தான் மெயில் போடுவார்கள், மைக்ரோசாஃப்டுக்கு இல்லை. ஒருமுறை விற்ற விமானத்தை வருடக்கணக்கில் சும்மாவே ரிப்பேர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மாதச் சம்பளம் இருந்தால் அதை எரிச்சல் இல்லாமல் பார்க்கலாம்.

ஏர்பஸ் மட்டும்தான் விற்கும் என்கிற உங்கள் நண்பர்களிடம் ஏ2ஏ என்கிற ஆட்-ஆன் கம்பெனியின் கொமாஞ்சி 250-ஐப் பற்றிச் சொல்லுங்கள். 1958-ல் வந்த, ஒற்றை எஞ்சின், நாலு சீட் பைப்பர் விமானம். 2023-ல் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கு அது வந்தபோது ஏர்பஸ் ஓட்டுகிறவர்களே அதைப் பறக்கவிட்டுக்கொண்டு கிடந்தார்கள். காரணம் லட்சணமான பெயிண்ட் இல்லை. அந்தக் கம்பெனிக்காரர்களிடம் சொந்தமாக ஒரு கொமாஞ்சி இருந்தது. அதில் ஏறிப் பறந்து, எஞ்சினை எழுப்பி அணைத்து, ஒவ்வொரு முனகலையும் பதிவு செய்து செய்தார்கள். மாஸ்டர் சுவிட்சைப் போட்டுவிட்டு மறந்து போனால் மறுநாள் பேட்டரி செத்திருக்கும். ஆயில் குறையும். பிளக்கில் கரி பிடிக்கும். எஞ்சின் கணக்கை சிமுலேட்டரிடம் விடாமல் தாங்களே எழுதியிருந்தார்கள்.

உங்கள் புஷ்பக்கும் 1958-ல் முதலில் பறந்ததுதான். வி.எம்.காட்கே எச்ஏஎல்லில் வடிவமைப்பை நடத்திய காலம். அமெரிக்க ஏரோன்கா சீஃப் விமானத்தின் சாயலில், இரும்புக்குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்தி, 90 குதிரைத்திறன் கான்டினென்டல் சி90 எஞ்சின் வைத்து, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற மாதிரி செய்தார்கள். நூற்றைம்பதுக்கும் மேல் கட்டி நாடு முழுக்க ஃப்ளையிங் கிளப்புகளுக்குக் கொடுத்தார்கள். ஒரு தலைமுறை பைலட்டுகள் அதில்தான் பறக்கப் படித்தார்கள். அப்படிப்பட்ட விமானத்துக்குப் போய் செஸ்னா 152-ன் ஃபைலா? காப்பி அடிக்கிறவர் சரியான ஆளைப் பார்த்தாவது அடித்திருக்க வேண்டாமா? 152-ல் இருப்பது 110 குதிரைத்திறன் லைகமிங். அதற்கு முந்தைய 150-ல் இருந்த கான்டினென்டல் ஓ-200தான் சி90-ன் கூடப்பிறந்த தம்பி. சத்தம் வேண்டுமென்றால் 150-ஐத் தேடிப் போயிருக்க வேண்டும். உங்கள் புஷ்பக் ஸ்டால் ஆகும்போது, அதாவது இறக்கை தூக்குவதை விடும்போது, என்ன கேட்கிறது? செஸ்னாவின் இறக்கையில் ஒரு துளை இருக்கும், அது காற்றை உறிஞ்சி பீப்பி ஊதும். உங்கள் விமானத்தில் இப்போது அதுதான் ஊதிக்கொண்டிருக்கும், போய்க் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு கோபம் எதற்கு என்றால், என் பெரியப்பா ஒரு ஃப்ளையிங் கிளப்பில் எஞ்சின் ஃபிட்டராக இருந்தவர். போன மாதம் தவறிப்போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஊரிலிருந்து திரும்பி வந்து மெயிலைத் திறந்தால் உங்கள் கடிதம், அதில் புஷ்பக்.

ஒருமுறை அவருக்கு என் கம்ப்யூட்டரில் ஒரு பழைய விமானத்தை ஓட்டிக் காட்டினேன். நல்ல பெயர் வாங்கிய ஆட்-ஆன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சுவர்ப்பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து கேட்டார். "மேக்னட்டோவை ஒண்ணொண்ணா அணைச்சுப் பாரு" என்றார். எஞ்சினின் பிளக்குகளுக்கு மின்பொறி கொடுக்கிற கருவி அது, இரண்டு இருக்கும். ஒன்றை அணைத்தேன். ஆர்பிஎம் முள் ஒழுங்காக இறங்கியது, சத்தத்தில் சுருதி மட்டும் இம்மி கீழே போனது. "ஒரு மேக்னட்டோவுல ஓடுறப்ப ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே பிளக்குதான் எரியும், எஞ்சினுக்கு மூச்சு வாங்கும்டா. இதுக்கு ஒண்ணுமே ஆவலையே. இது எஞ்சின் ஓடல, ரேடியோ பாடுது" என்றார்.

அப்புறம் காபி ஆறிப்போகிற வரைக்கும் பேசினார். புஷ்பக்கின் சி90-8எஃப் எஞ்சினுக்கு ஸ்டார்டர் கிடையாது, கையால் புரொப்பல்லரைச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சுவிட்ச் ஆஃப் என்று உள்ளே இருப்பவன் வாயால் சொல்லக் கேட்டு, பிளேடை மெதுவாக இழுத்து நாலு சுற்று விட்டு, அப்புறம் "கான்டாக்ட்" என்று கத்திவிட்டு ஒரே இழுப்பு. கம்ப்ரஷன் கட்டி விடுகிற இடத்தில் மேக்னட்டோவுக்குள் ஸ்பிரிங் வைத்த இம்பல்ஸ் கப்ளிங் "டக்" என்று தட்டும். அந்த டக் கேட்டால் கிளம்பும், கேட்காவிட்டால் நாள் முழுக்க இழுத்தாலும் கிளம்பாது என்றார். அந்த "டக்"கை இரண்டு விரலைச் சொடுக்கி எனக்குச் செய்து காட்டினார். இழுத்ததும் உடம்பு தானாகப் பின்னால் போக வேண்டும், காலை முன்னால் வைத்து இழுக்கிறவனை கிளப்பில் சேர்க்கவே மாட்டார்களாம். எஞ்சினை அணைக்கும்போது கடைசியில் ஒரு உதை வரும், அது எந்தப் பக்கம் உதைக்கிறது என்பதை வைத்தே எந்த சிலிண்டரில் கம்ப்ரஷன் போகிறது என்று சொல்லிவிடுவேன் என்றார். இதில் பாதி பெருமை, பாதி நிஜம் என்று வைத்துக்கொண்டாலும் நிஜமான பாதி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

காலையில் இறக்கைத் துணியை விரலால் தட்டிக்கொண்டே போவாராம். மழைக்காலத்தில் ஈரத்துக்குத் துணி தளரும், வெயிலில் இறுகும், தட்டினால் சத்தத்தில் தெரியும். இது சிமுலேட்டருக்குத் தேவையா என்று கேட்பீர்கள். 2024 பதிப்பில் விமானத்தை விட்டு இறங்கிச் சுற்றி நடந்து பார்க்க வசதி கொடுத்துவிட்டார்கள். நடக்கிறவன் எதைத் தட்டுவான்?

ம., நீங்கள் ஏர்பஸ் செய்தால் தப்பு விட்டால் திருத்த ஆயிரம் பேர் உண்டு. இன்றைக்கு ஏ320 ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்த பைலட் உங்கள் ஆட்-ஆனைப் போட்டுப் பார்த்து, பிரேக் பிடிக்கிறது சரியில்லை என்று எழுதுவார். புஷ்பக்குக்கு யார் எழுதுவார்? அதை ஓட்டியவர்களில் பலருக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அவர்களில் யாரும் உங்கள் ஆட்-ஆனை வாங்கப்போவதில்லை, குறை சொல்லப்போவதும் இல்லை. அவர்களும் போனபிறகு புஷ்பக் எப்படிப் பறந்தது என்று ஒரு பையன் தேடினால் அவனுக்குக் கிடைக்கப்போவது உங்கள் ஃபைல்தான். மூக்குச் சக்கரம் வைத்த செஸ்னா மாதிரி, இறங்கினதும் தானாக நேராகிவிடுகிற ஒரு புஷ்பக். புஷ்பக் மாதிரி வால்சக்கர விமானத்தில் எடையின் மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். கொஞ்சம் கோணலாக இறங்கினால் வால் முன்னால் வரத் துடிக்கும், டேக்ஸி வேகத்துக்கு இறங்குகிற வரை பைலட்டின் கால் ஓயக்கூடாது. டேக்-ஆஃபில் வால் எழும்புகிற அந்த நொடி மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது கால் அதற்கு முன்பே காத்திருக்க வேண்டும். எத்தனை இழுக்கும், எந்த வேகத்தில் விடும், மே மாத மத்தியானம் கோவையில், ஆயிரத்து முன்னூறு அடி உயரத்து ரன்வேயில், இரண்டு தடியர்கள் உட்கார்ந்தால் கிளம்ப எத்தனை நேரமாகும்? இதெல்லாம் சக்கரத்தின் இடத்தையும் எடையையும் மாற்றினால் வந்துவிடாது. மூக்கு எத்தனை சோம்பலாகத் திரும்புகிறது என்பதை முடிவு செய்யும் இனர்ஷியா எண்கள் அந்த ஃபைலில் செஸ்னாவுடையதாகவே இருக்கின்றன, நீங்கள் தொடவில்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது. கையேடு கிடைத்தால் ஸ்டால் வேகமும் ஏறும் வேகமும் கிடைக்கும். மிச்சத்துக்கு ஆட்களிடம்தான் போக வேண்டும்.

மியூசியத்துக்குப் போய் ரிவெட் ரிவெட்டாகப் போட்டோ எடுத்த நீங்கள், அதை ஓட்டிய ஒரு ஆளைக்கூடத் தேடவில்லை. அதுவும் கோவையில் உட்கார்ந்துகொண்டு! வெட்கமாக இல்லையா? இந்தத் தொழிலையே ஆரம்பித்து வைத்த புரூஸ் ஆர்ட்விக் தனி ஆள்தான், 1979-ல் ஆப்பிள் 2-வுக்கு முதல் சிமுலேட்டரைச் செய்தபோது கோடுகளால்தான் மலை வரைந்தார். ஆனால் அவர் பைலட், விமானத்தின் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. படம் பின்னால் வந்தது. நீங்கள் தலைகீழாகப் போகிறீர்கள்.

ஒன்று செய்யுங்கள். அந்த ஃபைலை அழித்துவிட்டு வெறும் தாளிலிருந்து ஆரம்பியுங்கள். பெரியப்பாவோடு வேலை பார்த்த இன்னொரு ஃபிட்டர் சிங்காநல்லூர் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். துக்கத்துக்கு வந்திருந்தார், நன்றாகப் பேசுகிறார். உங்களைப் பற்றிச் சொல்லி வைக்கிறேன், போன் நம்பரைத் தனி மெயிலில் அனுப்புகிறேன். காலை பத்து மணிக்கு மேல் போங்கள். இடது காது கேட்காது, வலப்பக்கம் உட்காருங்கள். ரெக்கார்டர் கொண்டுபோங்கள், ஆனால் முதல் நாள் வெளியே எடுக்க வேண்டாம். லேப்டாப்பில் படத்தைக் காட்டி "எப்படி இருக்கு தாத்தா" என்று கேட்டால் நன்றாக இருக்கிறது தம்பி என்று சொல்லி அனுப்பிவிடுவார். மேக்னட்டோவைப் பற்றிக் கேளுங்கள்.