அந்த ஊர்க் குழந்தை என்ன சாப்பிடும்?

கேள்வி: மகளுக்கு ஐந்து வயது. எனக்கும் கணவருக்கும் கொரிய, ஜப்பானிய, தாய்லாந்துச் சாப்பாடு என்றால் உயிர். அவளோ வாசனை வந்ததுமே மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். போன வாரம் ஒரு துண்டு கிம்ச்சியை (மிளகாய் போட்டுப் புளிக்கவைத்த கொரிய முட்டைக்கோஸ்) வாயில் வைத்ததற்கு அழுது ஊரைக் கூட்டிவிட்டாள். எப்படிப் பழக்குவது?

பதில்: கிம்ச்சியிலா ஆரம்பித்தீர்கள்? நானும் அதே தப்பைச் செய்தவள்தான். என் பெரியவன் அதன் பிறகு ஒரு வருஷம் தட்டில் சிவப்பாக எது இருந்தாலும், தக்காளியைக்கூட, ஓரம் தள்ளினான். சின்னவள் வந்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. அந்த ஊரில் பிறந்த குழந்தைக்கு அவர்கள் வீட்டில் என்ன ஊட்டுகிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

கொரியாவில் மிளகாயே போடாத வெள்ளைக் கிம்ச்சி உண்டு. பேக் கிம்ச்சி என்பார்கள். இல்லாவிட்டால் சிவப்புக் கிம்ச்சியைத் தண்ணீரில் அலசி, பொடியாக நறுக்கிச் சோற்றோடு கொடுப்பார்கள். தாய்லாந்தில் முட்டையில் சில சொட்டு மீன் சாஸ் விட்டு அடித்து, தாராளமாக எண்ணெய் ஊற்றி உப்பப் பொரித்துச் சோற்றின் மேல் வைத்துவிடுவார்கள். ஜப்பானில் கோழிக்கறியும் முட்டையும் சேர்ந்த ஓயாகோதொன் இருக்கிறது. பெயருக்கு ‘தாயும் பிள்ளையும் சோறு’ என்கிற மாதிரி அர்த்தம். அதை மட்டும் மகளிடம் சொல்லிவிடாதீர்கள்!

உங்கள் மகளுக்கு என் யோசனை, சாவான்முஷி. கிண்ணத்தில் ஆவியில் வேகவைக்கும் முட்டை. ஒரு முட்டைக்கு 150 மில்லி சாறு. கொம்பு என்கிற கடற்பாசியில் ஒரு துண்டைக் குளிர்ந்த தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டால் காலையில் சாறு தயார். 1908-ல் கிகுனே இகேதா என்ற ஜப்பானிய வேதியியலாளர் இந்தக் கொம்புச் சாற்றின் ருசியை ஆராய்ந்துதான் குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். அந்தச் சுவைக்கு ‘உமாமி’ என்று பெயரும் வைத்தார். தாய்ப்பாலிலும் குளுட்டமேட் இருக்கிறது. ஆக, உங்கள் மகளுக்கு இது பழைய ருசிதான்.

முட்டையைச் சாற்றோடு நுரைக்காமல் கலக்கி, வடிகட்டி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, கிண்ணத்தை மூடி ஆவியில் வையுங்கள். தீ சிறியதாக இருக்கட்டும். பாத்திரத்துக்கும் மூடிக்கும் நடுவே ஒரு சாப்ஸ்டிக்கைச் செருகி இடைவெளி விடுங்கள். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் முட்டை ஓட்டை ஓட்டையாகத் தேன்கூடு போல ஆகிவிடும். பன்னிரண்டு நிமிஷம் கழித்துக் கிண்ணத்தை லேசாக ஆட்டிப் பாருங்கள். நடுப்பகுதி நடுங்கினால் இறக்கிவிடலாம். என் சின்னவள் அந்த நடுக்கத்தைப் பார்த்துச் சிரித்தே முதல் ஸ்பூனைச் சாப்பிட்டாள்.

சாஸைச் சாப்பாட்டில் கலக்காதீர்கள். தனியாகச் சின்னக் கிண்ணத்தில் வையுங்கள், தொட்டுக்கொள்வதா வேண்டாமா என்பது அவள் முடிவு. ஒரு தடவை துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டவும் வேண்டாம். பத்துப் பதினைந்து தடவை தட்டில் பார்த்த பிறகு கை நீட்டும் பிள்ளைகள் நிறைய.

கேள்வி: எட்டு வயது மகன் கொரியக் கார நூடுல்ஸ் கேட்டு அடம் பிடிக்கிறான். வாங்கித் தரலாமா?

பதில்: அந்த அதிகக் காரமான வகையா? வேண்டாம். 2024 ஜூனில் டென்மார்க் உணவுத் துறை, காரம் ஆபத்தான அளவில் இருக்கிறது என்று மூன்று வகைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது. அடுத்த மாதம் இரண்டுக்குத் தடை நீங்கியது. மிகக் காரமான மூன்றாவதுக்கு நீங்கவில்லை. நூடுல்ஸ்தான் ஆசை என்றால், தடிமனான ஊதோன் வாங்கி இளஞ்சூட்டுச் சாற்றில் போட்டுக் கொடுங்கள். உறிஞ்சும்போது சத்தம் வந்தால் திட்டாதீர்கள்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தைக்கு சுஷி, மோச்சி?

பதில்: பச்சை மீன் கூடாது. பசையரிசியை இடித்துச் செய்யும் மோச்சியும் கூடாது, தொண்டையில் ஒட்டி மூச்சை அடைக்கும், ஜப்பானில் புத்தாண்டு சமயத்தில் பெரியவர்களே அதனால் இறக்கிறார்கள். குழைந்த சோற்றைச் சின்ன உருண்டையாகப் பிடித்துக் கொடுங்கள். நோரி என்கிற கடற்பாசித் தாள் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், பொடியாகக் கிள்ளிப் போடுங்கள். எள், நிலக்கடலை, சோயா, இறால், மீன் எல்லாம் சிலருக்கு ஒவ்வாமை தரும். ஒரு நாளைக்கு ஒரு புதுப் பொருள், அதுவும் பகலில். உதடு வீங்கினாலோ தடிப்பு வந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். சோயா சாஸ் இப்போதைக்கு வேண்டாம். ஒரு மேசைக்கரண்டியிலேயே சுமார் 900 மில்லிகிராம் சோடியம். பெரியவர்களுக்கே ஒரு நாளைய வரம்பு 2000தான்.

கேள்வி: மகனுக்கு சாப்ஸ்டிக்ஸ் பிடிக்க வரவில்லை. சுஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடுகிறான் என்று என் அண்ணன் கேலி செய்கிறார்.

பதில்: சோற்று உருண்டை மேல் மீன் வைத்த நிகிரி சுஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடுவது ஜப்பானிலேயே வழக்கம்தான். அண்ணனிடம் சொல்லுங்கள்.